சோறு சாப்பிடுற நாய்க்கு என்ன குறை? - ‘கிரெய்ன் ஃப்ரீ’ பாக்கெட் வாங்கும் முன் இதைப் படிங்க!

எங்கள் வீட்டு மணிக்கு அப்போது நாலரை மாதம். தாய் நாய் வண்டியில் அடிபட்டுப் போக, மழைத் தண்ணீரில் கத்திக்கொண்டு கிடந்தவனைத் தூக்கி வந்திருந்தோம். அன்றிலிருந்து மூன்று வேளையும் அம்மா கையால் மோர் சாதம்தான். ஆள் நல்லா கொழுகொழுன்னு வளர்ந்தான். ஒருநாள் காலையில் பார்த்தால், வாசல்படி இறங்க முடியாமல் நிற்கிறான். முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருந்தன.

நான் உடனே செய்தது, மொபைலை எடுத்ததுதான். ‘நாய்க்கு அரிசி விஷம்’, ‘ஓநாய் என்ன சோறா தின்னுச்சு?’ என்று வரிசையாக ரீல்ஸ் வந்து விழுந்தன. “உன் சோறுதாம்மா இவனை இப்படிப் பண்ணிடுச்சு” என்று சண்டை போட்டு, சோற்றை நிறுத்தினேன். மூன்று வாரம் எலும்பில்லாத சிக்கன் மட்டும். மணிக்குச் செம குஷி. ஆனால் நான்காவது வாரம், சோஃபாவிலிருந்து குதித்தவன் அலறிய சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு. எக்ஸ்ரேயில் பின்னங்கால் எலும்பில் விரிசல். மற்ற எலும்புகளும் ஃபிலிமில் சரியாகத் தெரியாத அளவுக்கு மெலிந்துபோயிருந்தன.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “பிறந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டான்?” என்பதுதான். சொன்னேன். மோர் சாதம், சிக்கன் இரண்டிலுமே வளரும் குட்டிக்கு வேண்டிய கால்சியம் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சோற்றை வில்லன் ஆக்கிவிட்டு, அதே குறை இருக்கிற இன்னொரு தட்டை நான் அவன் முன்னால் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கலாம். அம்மா, பாட்டி பக்கம் ‘சோறு’. இன்ஸ்டாகிராம் பக்கம் ‘கிரெய்ன் ஃப்ரீ’. யார் சொல்வது சரி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘ஓநாய் வம்சம்’ உண்மைதான்... ஆனால்!

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், அது மனுஷன் வீட்டு வாசலில் படுக்க ஆரம்பித்துப் பல ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. நாம் விதைக்க, அறுக்க, சமைக்கக் கற்றுக்கொண்டபோது, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக்கொண்டு கூடவே இருந்தது. அந்தச் சாப்பாடு அதன் உடம்பையே கொஞ்சம் மாற்றியும் விட்டது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை மரபணுவிலேயே பார்த்தார்கள். 12 ஓநாய்களையும், 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களையும் ஒப்பிட்டு, 2013-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் ‘அமைலேஸ்’ நொதியைக் கணையத்தில் சுரக்க வைக்கிற மரபணு ஒன்று உண்டு. ‘ஏ.எம்.ஒய்.2பி’ என்று பெயர். ஓநாயிடம் இதற்கு 2 பிரதிகள்தான். நாய்களிடமோ 4 முதல் 30 வரை இருந்தன. அதாவது, சோற்றைச் செரிக்கிற மெஷின் ஓநாயைவிட நாய்க்கு எக்கச்சக்கமாக இருக்கிறது.

எல்லா நாய்க்கும் ஒரே அளவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைபீரியன் ஹஸ்கி போன்ற பனிப்பிரதேச நாய்களிடமும், ஆஸ்திரேலியாவின் டிங்கோவிடமும் இந்தப் பிரதிகள் குறைவு. அவை வாழ்ந்த இடத்தில் விவசாயம் பெரிதாக இல்லை என்பதை யோசித்தால் காரணம் புரியும்.

பூனை கதை முழுக்க வேறு. அது இறைச்சி தின்றே ஆக வேண்டிய பிராணி. நாய் அப்படியில்லை. ‘மாமிசப் பிராணிக்குச் சோறா?’ என்று கேட்கிற ரீல்ஸ் பெரும்பாலும் பூனைக்குப் பொருந்துவதை நாய்க்குச் சொல்கிறது.

குக்கரில் நடக்கும் மேஜிக்

ஒரு கண்டிஷன் உண்டு. தானியம் நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சை மாவுச்சத்து இறுக்கமான சின்னச் சின்னத் துகள்களாக இருக்கும். நாயின் நொதி அதற்குள் எளிதில் நுழையாது. தண்ணீரும் சூடும் சேர்ந்து அதை உப்ப வைத்து உடைத்தால்தான் செரிமானம் சுலபம். நாம் சாப்பிடுகிற பதத்தைவிடக் கொஞ்சம் குழைய வேகவைத்தால் நல்லது.

வயிறு சரியில்லாத நாய்க்குப் பல டாக்டர்கள் சொல்கிற தற்காலிகச் சாப்பாடு என்ன தெரியுமா? குழைந்த வெள்ளைச் சோறும், உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த சிக்கனும். அரிசி விஷமாக இருந்தால் இதைச் சொல்வார்களா?

அலர்ஜி வருமே?

‘தானியம் கொடுத்தா உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கும்’ என்பது அடுத்த பயம். உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதில் முதலிடம் மாட்டிறைச்சிக்கு, 34 சதவிகிதம். அடுத்து பால் பொருள்கள் 17, சிக்கன் 15. கோதுமை 13 சதவிகிதத்தோடு நான்காவது இடம். அரிசி? வெறும் 2 சதவிகிதம்தான்.

இந்த எண்கள் ஏற்கெனவே அலர்ஜி இருக்கிற நாய்களிடையே எடுத்தவை. எல்லா நாய்களிலும் 34 சதவிகிதத்துக்கு பீஃப் ஒத்துக்காது என்று அர்த்தம் இல்லை. ஆனால், அலர்ஜி என்றாலே தானியம் என்று கை நீட்டுவது தப்பு என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. நம்ம ஊரில் சொறியும் நாய்க்கு முதலில் பார்க்க வேண்டியது உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோலில் பூஞ்சை. அதற்குப் பிறகுதான் தட்டு.

அப்போ ‘கிரெய்ன் ஃப்ரீ’ எங்கிருந்து வந்தது?

2007-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய அதிர்ச்சி. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனிலும் அரிசிப் புரோட்டீனிலும் மெலமைன் என்கிற ரசாயனம் கலந்திருந்தது. அந்த உணவைச் சாப்பிட்ட நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஏகப்பட்ட பிராண்டுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தப்பு கலப்படத்தில்தான். ஆனாலும் லேபிளில் ‘கோதுமை’, ‘அரிசி’ என்று பார்த்தாலே மக்களுக்குப் பயம் வந்தது. இன்னொரு பக்கம், மனுஷங்களுக்கே குளூட்டன் இல்லாத உணவு ஃபேஷன் ஆகிக்கொண்டிருந்த நேரம் அது. ‘கிரெய்ன் ஃப்ரீ’க்கு இதைவிட நல்ல நேரம் வருமா?

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கிரெய்ன் ஃப்ரீ என்றால் மாவுச்சத்து இல்லாதது என்று அர்த்தம் இல்லை. உலர்ந்த டாக் ஃபுட் உருண்டையாக நிற்கவே ஏதாவது மாவு வேண்டும். அரிசியை எடுத்த இடத்தில் பட்டாணி, பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மரவள்ளி மாவு என்று ஏதோ ஒன்று வந்து உட்காரும்.

அங்கேதான் அடுத்த திருப்பம். 2018 ஜூலையில், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இதயத் தசை தளர்ந்து, இதயம் பலூன் மாதிரி விரிந்து, ரத்தத்தை அழுத்தித் தள்ள முடியாமல் போகிற ‘டி.சி.எம்’ நோய் பற்றிய அறிவிப்பு அது. டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி சில பெரிய இனங்களுக்கு இது பரம்பரையாக வரும். ஆனால், வழக்கமாக வராத இனங்களிலும் வருவதாகப் புகார்கள் குவிந்திருந்தன. 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை வந்த புகார்கள் 524. அவற்றில் சொல்லப்பட்ட உணவுகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் கிரெய்ன் ஃப்ரீ. 93 சதவிகிதத்தில் பட்டாணியோ பருப்போ இருந்தது. அதிகம் பேசப்பட்ட இனம், நம்ம ஊர் அப்பார்ட்மென்ட்டுகளிலும் நிறையப் பார்க்கிற கோல்டன் ரெட்ரீவர்.

உடனே ‘கிரெய்ன் ஃப்ரீ நாயைக் கொன்றுவிடும்’ என்று அடுத்த ரீல்ஸ் போட்டுவிடாதீர்கள். 2022 டிசம்பரில் எஃப்.டி.ஏ-வே, ‘இந்தப் புகார்களை மட்டும் வைத்து உணவுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது’ என்று சொல்லிவிட்டது. மரபணு, மற்ற நோய்கள், உணவின் கலவை எனப் பல விஷயங்கள் இதில் பின்னியிருக்கின்றன. ஆக, இன்றைய நிலவரம் இதுதான்: ஆரோக்கியமான நாய்க்குத் தானியத்தை நிறுத்துவதால் தனி நன்மை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதற்குப் போய் இரண்டு மடங்கு காசு கொடுக்கணுமா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள்.

ஜெயிச்சது அம்மாதானா? கொஞ்சம் பொறுங்க!

“எங்க ஊர்ல நாயெல்லாம் சோறுதான் தின்னுச்சு. என்ன கெட்டுப்போச்சு?” இது எங்கள் அம்மாவின் வாதம். பல வீட்டு வாதமும்கூட.

ஆனால், ஊர் நாய் வீட்டுச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கறிக்கடை வாசலில் எலும்பு, மீன் வெட்டும் இடத்தில் தலையும் குடலும், வயலில் எலி, குப்பையில் முட்டை ஓடு என்று அதற்கு வெளியே ஒரு பெரிய மெனு இருந்தது. அப்புறம், ஆறு குட்டி போட்டால் எத்தனை பிழைத்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பிழைத்த நாயை மட்டும் பார்த்துவிட்டு ‘என்ன கெட்டுப்போச்சு’ என்கிறோம். மூன்றாவது மாடி ஃபிளாட்டில், கதவைத் திறந்தால் மட்டும் வெளியே போகிற நாய்க்கு, நீங்கள் வைக்கிற தட்டுதான் முழு உலகம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள, வளர்ந்த, சாதாரணமாக ஓடியாடுகிற நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 முதல் 650 கலோரி வேண்டும். டாக் ஃபுட்டுக்கு அமெரிக்காவில் பின்பற்றும் குறைந்தபட்ச அளவை வைத்துப் பார்த்தால், இந்த நாய்க்குக் கிட்டத்தட்ட 28 கிராம் புரோட்டீன் வர வேண்டும். அத்தனை கலோரியையும் சோற்றிலேயே கொடுத்தால்? வெந்த சோறு அரை கிலோ போட வேண்டியிருக்கும். வயிறு நிறையும். ஆனால், கிடைக்கிற புரோட்டீன் 13 கிராம் சொச்சம். பாதிகூட இல்லை. இரண்டு கரண்டி மோர் ஊற்றினால் இந்தக் குறை தீராது.

சரி, சோற்றைப் பாதியாகக் குறைப்போம். 250 கிராம் சோறு, 100 கிராம் வேகவைத்த சிக்கன், ஒரு முட்டை, கொஞ்சம் கேரட் அல்லது பரங்கிக்காய், ஒரு ஸ்பூன் எண்ணெய். கலோரி சரியாக வருகிறது. புரோட்டீன் 40 கிராமைத் தாண்டிவிடுகிறது. பார்த்தால் சூப்பர் தட்டு. ஆனால், இதில் கால்சியம் 100 மில்லிகிராம்தான் தேறும். தேவையோ 750-க்கும் மேல்! மணி விழுந்த பள்ளம் இதுதான். அவன் வளரும் குட்டி, அவனுக்குத் தேவை இன்னும் அதிகம்.

சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால், ரத்தத்தில் அதன் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ள உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். வெறும் இறைச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு எலும்பை உருவுகிற வேலையை இன்னும் வேகப்படுத்தும். நான் ‘புரோட்டீன் ஏத்துறேன்’ என்று நினைத்த மூன்று வாரமும் அவன் எலும்பு கரைந்துகொண்டிருந்தது.

வீட்டுச் சாப்பாட்டில் இந்தத் தப்பு நடப்பது எனக்கு மட்டும் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் டாக் ஃபுட் ரெசிபிகளை அலசி 2013-ல் முடிவைச் சொன்னார்கள். அவற்றில் 95 சதவிகித ரெசிபிகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது. எழுதினவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு!

எந்தத் தானியம், எப்படி?

- அரிசி: சீக்கிரம் செரிக்கும், அலர்ஜி குறைவு. வயிற்றுக்கு வெள்ளை அரிசி லேசானது. சூடு ஆறிய பிறகு கொடுங்கள். சமைத்து வெளியிலேயே வெகுநேரம் கிடந்த சோறு வேண்டாம்.

- ராகி: 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால், அதிலுள்ள ஃபைட்டேட் கால்சியத்தை முழுசாக உடம்பில் சேரவிடாது. அதனால் ‘ராகிக் கூழ் கொடுக்கிறேன், கால்சியம் கவலை இல்லை’ என்று நினைக்காதீர்கள். தானியமாக அது நல்ல தேர்வு. மருந்தாக நினைக்க வேண்டாம்.

- கம்பு, சோளம்: நன்றாக வேகவைத்துக் குழைத்துக் கொடுக்கலாம். புதிதாக ஆரம்பிக்கும்போது கொஞ்சமாக ஆரம்பியுங்கள். பூஞ்சை வாடை வரும் தானியம் மட்டும் கூடவே கூடாது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நாயின் ஈரலைப் பதம் பார்க்கும்.

- கோதுமை, ஓட்ஸ்: ஒத்துக்கொண்டால் தாராளமாகக் கொடுக்கலாம். எண்ணெய், உப்பு இல்லாத சப்பாத்தி ஓகே. பிசைந்த பச்சை மாவு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டாம். ஈஸ்ட் போட்ட மாவு என்றால் வயிற்றுக்குள் போய் உப்பும், ஆபத்து.

- சாம்பார் சாதம், பிரியாணி, உப்புமா: ஸ்டாப்! இங்கே பிரச்னை தானியத்தில் இல்லை, வெங்காயமும் பூண்டும்தான். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. கேசரி, பாயசத்தில் போடுகிற திராட்சை சிறுநீரகத்துக்கு ஆபத்து. வேகவைத்த எலும்பும் வேண்டாம். அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தட்டைச் சரி பண்ண மூன்று வழி

ஒன்று, ‘கம்ப்ளீட் அண்டு பேலன்ஸ்டு’ என்று போட்டிருக்கிற டாக் ஃபுட். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதையும் பாருங்கள். முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘கிரெய்ன் ஃப்ரீ’யைவிட, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் இந்த வரிதான் முக்கியம். அரிசி இருக்கிற பாக்கெட்டா, இல்லாத பாக்கெட்டா என்பது அடுத்தபட்சம்.

இரண்டு, பாதிப் பாதி. டாக் ஃபுட்தான் முக்கியச் சாப்பாடு, மேலே கொஞ்சம் தயிர்சாதமோ, ராகியோ, முட்டையோ. இந்த ‘மேலே கொஞ்சம்’ மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் சமநிலை கெடாது.

மூன்று, முழுக்க வீட்டுச் சாப்பாடு. பாக்கெட் வாங்கக் காசு இல்லாத வீடு நிறைய இருக்கிறது. அதில் தப்பே இல்லை. ஆனால் சோறு, கறி அல்லது முட்டை, கூடவே கால்சியமும் மற்ற தாதுச் சத்துகளும் என்று நாயின் எடைக்கும் வயதுக்கும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் ஊருக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. முட்டை ஓட்டுப் பொடிகூட மலிவான கால்சியம்தான், ஆனால் அளவு தெரிந்துதான் போட வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானாலும் எலும்பு வளர்ச்சி கோணிப்போகும்.

எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கொஞ்சம் குறைத்து, புதியதில் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குத் தானியம் வேண்டாம்?

சில நாய்களுக்கு நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது. ஐரிஷ் செட்டர் இனத்தில் கோதுமைக் குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது பரம்பரையாக வரும். கோதுமை அலர்ஜி உறுதியான நாய்களுக்கும் அதை நிறுத்தத்தான் வேண்டும். அவற்றுக்கும் அரிசி, ராகி, கம்பு எல்லாம் குளூட்டன் இல்லாதவை என்பதை மறக்காதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் இருந்தால், தட்டை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை ஆரோக்கியமான நாய்களுக்கு மட்டும்.

குட்டி நொண்டினாலோ, கால் வளைந்தாலோ, எழ யோசித்தாலோ ரீல்ஸ் பார்க்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நான் வீணாக்கிய மூன்று வாரத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம்.

மணிக்கு இப்போது ஐந்து வயது. ஆறு வாரம் கட்டிப்போட்டு ரெஸ்ட், குட்டிகளுக்கான முழுமையான டாக் ஃபுட் என்று தேறி வந்தான். முன்னங்காலில் லேசான வளைவு மட்டும் போகவே இல்லை. மாடிப்படியில் என்னைவிட வேகமாகத்தான் ஏறுகிறான்.

ராத்திரி அவன் டாக் ஃபுட் மேல் அம்மா ஒரு கரண்டி தயிர்சாதம் வைப்பார். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார், ‘இதுக்கும் சண்டைக்கு வருவியா?’ என்கிற மாதிரி. நான் ஒண்ணும் சொல்றதில்லை. அவன் முதலில் நக்குறது அந்தத் தயிர்சாதத்தைத்தான்.